முழுங்காத நாட்கள்

புற்றுநோய்ப் பிரிவுக்கு வெளியே சுவரை ஒட்டிப் போட்டிருந்த அந்த நீள பெஞ்சில் யாருக்கும் பெயர் கிடையாது. டோக்கன் கூப்பிடும் பெண்ணுக்கு எல்லோரும் நம்பர். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்குள் தொழில்தான் பெயர். கண்ணாடிக்காரர், டிரைவர், பால்காரம்மா, பிரஸ்காரர் என்று. வாரத்தில் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை, எல்லோரும் அங்கே வந்தாக வேண்டும்.

கண்ணாடிக்காரரின் மனைவிக்கு பேக்கரிக்காரம்மா என்று பெயர் விழுந்தது முதல் நாளே. வேலை செய்கிற இடத்திலிருந்து அமுங்கிப்போன பன்களை ஒரு பை நிறைய எடுத்துவந்திருந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தனியாகத் தின்ன அவளுக்கு மனசு வரவில்லை. பெஞ்சின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கொடுத்துக்கொண்டே போனாள். அடுத்த செவ்வாய் அவள் தலையைப் பார்த்ததுமே, "பேக்கரி வந்தாச்சு" என்றார் டிரைவர்.

அவள் பதினோரு வருஷமாக அந்த பேக்கரியில் இருந்தாள். அடுப்பிலிருந்து வரும் தட்டுகளை ஆறவைத்து, ரொட்டியை மெஷினில் அறுத்து, பையில் போட்டு, கட்டி, எண்ணி அனுப்ப வேண்டும். ஒரு தட்டுக்கு எத்தனை பன், ஒரு வண்டிக்கு எத்தனை தட்டு என்று விரல் மடக்காமல் சொல்லிவிடுவாள். அவள் வீட்டுக்காரருக்குப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடிக் கடை. பழைய கம்பளி விரித்த மேஜையில் கண்ணாடியைக் கிடத்தி, சக்கரம் வைத்த பேனாவை மண்ணெண்ணெயில் தொட்டு ஒரே இழுப்பில் கோடு போடுவார். சத்தத்தை வைத்தே கோடு சரியாக விழுந்ததா இல்லையா என்று சொல்வார். ஒரே மகள். கட்டிக்கொடுத்து வெளியூரில் இருந்தாள்.

இருமல் வந்தபோது கண்ணாடித் தூசி என்று நினைத்தார்கள். அவருடைய அக்கா, அந்தப் பாழாய்ப்போன தொழிலை விடச் சொல்லி எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டேன் என்று போனில் அழுதாள். நுரையீரலிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து எங்கோ அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்துக் காகிதம் வந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, வந்திருப்பது முற்றின நிலை, ஆனால் இந்த வகைக்கு மாத்திரை இருக்கிறது, தினம் ஒன்று, வெறும் வயிற்றில், ஊசி வேண்டாம், படுக்க வேண்டாம், வீட்டிலிருந்தே சாப்பிடலாம் என்று சொன்னார். வெளியே வந்தபோது இருவருக்கும் உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. தினம் ஒரு மாத்திரைதானே என்று அவர் இரண்டு தடவை சொன்னார்.

மருந்துக் கடைக்காரர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு விலையை மெதுவாக, பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காதபடி சொன்னார். அவளுடைய ஒரு மாதச் சம்பளம். ஒரு மாத மருந்துக்கு இவ்வளவா என்று கேட்டாள். அவர் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "இல்லம்மா, அது ஒரு அட்டைக்கு. அட்டையில பத்து. மாசத்துக்கு மூணு அட்டை" என்றார்.

அன்று ஒரு அட்டைதான் வாங்கினார்கள்.

அதற்கப்புறம் வீட்டில் ஒவ்வொன்றாகப் போனது. வளையல் போனது, கம்மல் போனது. கடைக்குக் கொடுத்திருந்த முன்பணத்தைத் திருப்பி வாங்கினார்கள். மேஜையை இன்னொரு கண்ணாடிக்காரர் வந்து தூக்கிக்கொண்டு போனபோது அவர் கூடவே தெருமுனைவரை போனார், ஒரு பக்கம் கை கொடுத்துக்கொண்டே. கால் ஒன்று ஆடும், அட்டை மடித்துக் கொடுத்துக்கோங்க என்று சொல்லிவிட்டு வந்தார். மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமாக முகமெல்லாம் பரு வந்தது. விரல்நுனிகள் வெடித்தன. நகக்கண்ணில் சீழ் கட்டியது. இருமல் மட்டும் குறைந்தது. அது போதும் என்றிருந்தது அவளுக்கு.

டிரைவரின் மனைவிதான் அவளுக்கு வழி காட்டினாள். டிரைவருக்கும் இதே நோய், இதே மாத்திரை, ஒரு வருஷம் முன்னால் ஆரம்பித்தவர். முப்பத்துநாலு வருஷம் தொலைதூர பஸ் ஓட்டியவர். அவர் மனைவி ஒல்லியாக, உயரமாக, கையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் உறையோடு இருப்பாள். அதற்குள் எல்லாவற்றுக்கும் நகல். மருந்துக் கம்பெனியில் உதவித் திட்டம் ஒன்று இருக்கிறது, நாலு மாதம் காசு கொடுத்து வாங்கினால் மிச்ச மாதங்களுக்கு அவர்களே தருவார்கள், வருமானச் சான்று, டாக்டர் கையெழுத்து, நோயாளி கையெழுத்து, பழைய பில் எல்லாம் வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். பெஞ்சில் வைத்தே படிவத்தை நிரப்பியும் கொடுத்தாள். அவளுக்கு மட்டும் அந்த உதவி கிடைக்கவில்லை. டிரைவருக்கு பென்ஷன் வருகிறது, அதனால் வசதியானவர் என்று எழுதிவிட்டார்கள்.

அதைச் சொல்லும்போது டிரைவர் சிரிப்பார். "நாங்க பணக்காரங்க, தெரியாதா? மாடி வீடு. மாடி மட்டும் போன மாசம் வித்தாச்சு" என்பார். அவர் மனைவி கழுத்தை நொடித்துக்கொண்டு திரும்பிக்கொள்வாள். கண்ணாடிக்காரரும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஊர்ச் சாலை எங்கே வளையும் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். கண்ணாடிக்காரர் அதிகம் ஊர் பார்க்காதவர். ஆவென்று கேட்டுக்கொண்டிருப்பார்.

மழைக்காலம் தொடங்கியபோது கம்பெனியிலிருந்து படிவம் திரும்பி வந்தது. கையெழுத்து ஒத்துப்போகவில்லை. வெடித்த விரலில் துணி சுற்றிக்கொண்டு போட்ட கையெழுத்து, வங்கியில் இருந்த பழைய கையெழுத்து மாதிரி எப்படி இருக்கும்? புதுப் படிவம் போட்டால் பதில் வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். கையில் ஒன்பது மாத்திரை இருந்தது. அவள் பேக்கரி முதலாளியிடம் முன்பணம் கேட்டாள். ஏற்கெனவே வாங்கியதே கழியவில்லையே என்று அவர் நியாயமாகத்தான் சொன்னார். நாத்தனார் கொஞ்சம் அனுப்பினாள், அது பரிசோதனைக்கே சரியாகிவிட்டது.

மாத்திரை நான்காகக் குறைந்திருந்த அன்று பால்காரம்மா போன் செய்தாள். டிரைவர் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று சொன்னவர், புதன்கிழமை நினைவு தப்பி, வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டது.

பேக்கரியின் பின்கட்டில், சூடான தட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு அவள் அதைக் கேட்டாள். அடடா என்றாள். எப்படி, எப்போது என்று கேட்டாள். ஆனால் வாய் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மனசு வேறொன்று சொன்னது. மாத்திரை மிச்சம் இருக்குமே.

அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு, ரொட்டி அறுக்கும் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் பன்னை வாங்கிக்கொண்டு, "அம்மா கை மணக்குது" என்று சொன்ன மனுஷன். அவர் உடம்பு இன்னும் வீட்டில்தான் கிடக்கும். அன்று எண்ணிக்கை இரண்டு தடவை தப்பியது. பதினோரு வருஷத்தில் தப்பியதில்லை. அடுத்த நாள் துக்கத்துக்குப் போனவள், டிரைவர் மனைவியின் முகத்தை நேருக்கு நேர் பார்க்காமல், கையை மட்டும் பிடித்துவிட்டு வந்தாள். அந்த வீட்டு அலமாரிப் பக்கம் தன் கண் போய்விடுமோ என்று பயந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் கண் ஒரு தடவை அங்கே போனது அவளுக்குத் தெரியும்.

நாலாம் நாள் மதியம், கூட்டமில்லாத நேரம், டிரைவர் மனைவி பேக்கரிக்கு வந்தாள். மற்றவர்களைப் போல வரிசையில் நின்று ஒரு ரொட்டி வாங்கினாள். காசு கொடுத்தாள். அப்புறம்தான், கொஞ்சம் வெளியே வருகிறாயா என்று கேட்டாள். இருவரும் கடைக்குப் பக்கத்துச் சந்தில், மாவு மூட்டை இறக்கும் படியில் உட்கார்ந்தார்கள். மழை விட்டுச் சுள்ளென்று வெயில் அடித்தது.

டிரைவர் மனைவி பிளாஸ்டிக் உறையைப் பிரித்து அட்டைகளை எடுத்து மடியில் வைத்தாள்.

"சும்மாக் குடுக்கணும்னுதான் ஆசை, தங்கச்சி. அப்படிக் குடுக்கற நிலைமையில நான் இல்ல. பாதி விலை குடு. முடியறப்ப குடு."

அவள் தலையாட்டினாள். காலாவதித் தேதியைப் பார்த்தாள், இன்னும் ஒரு வருஷம் இருந்தது. கை தானாக எண்ணியது.

"ஏழா, அக்கா?"

"ஏழுதான்."

போன மாதம் இருவரும் ஒரே நாளில் ஒரே கவுண்டரில் நின்று வாங்கியிருந்தார்கள். டிரைவர் மனைவி மூன்று அட்டை, இவள் இரண்டு. அதற்கு முந்தின மாதமும் டிரைவருக்கு மூன்று. டிரைவர் போவதற்குள் போன மாதத்து மூன்றில் ஒன்றாவது தீர்ந்திருக்க வேண்டும். இரண்டு மிச்சம் இருக்கலாம். ஏழு எப்படி இருக்கும்? அவள் கேட்கவில்லை. ஆனால் எண்ணிய விரல் அப்படியே நின்றதை டிரைவர் மனைவி பார்த்துவிட்டாள்.

"நீ எண்ணுவேன்னு தெரியும். நானும் எண்ணினேன்" என்றாள்.

பெட்டியில் இருந்தது இரண்டு. மிச்சம் ஐந்தும் டிரைவரின் பழைய யூனிபார்ம் சட்டைப் பையில் இருந்தன. துணிகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது சட்டை கனத்ததாம். பத்து நாளைக்கு ஒரு தடவை அவர் வந்து, அட்டை தீர்ந்துபோச்சு, அடுத்ததைக் குடு என்று கேட்பார். அவளும் எடுத்துக் கொடுப்பாள். ஐந்து அட்டையில் ஒரு மாத்திரைகூட உடையவில்லை. ஐம்பது நாள் அந்த மனுஷன் ஒன்றையும் முழுங்கவில்லை. கடைசியில் மருந்துக் கடைக்காரர் சொல்லித்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது. உடைக்காத அட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று டிரைவர் ஒரு நாள் வந்து கேட்டிருக்கிறார். பதினைந்து நாளுக்குள் பில்லோடு கொண்டுவந்தால் எடுப்போம் என்று அவரும் சொல்லியிருக்கிறார். பில் எல்லாம் மனைவியின் உறையில் இருந்தது. அதைக் கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று விட்டுவிட்டார் போல. இப்போது தேதி தாண்டிவிட்டது, கம்பெனி வாங்காது.

டிரைவர் மனைவி இதையெல்லாம் படிவம் நிரப்பும் குரலிலேயே சொன்னாள். அப்புறம் ரொட்டிப் பையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"வீட்டைப் பாக்க புரோக்கர் வந்துட்டுப் போன அன்னைக்கு நான் ஒரு வார்த்தை சொன்னேன். வாசல், ஜன்னல்னு ஒண்ணு ஒண்ணா வீட்டையே முழுங்கிட்டு இருக்கீங்களேன்னு. விளையாட்டாத்தான் சொன்னேன். அவரும் சிரிச்சார். தண்ணி வேணும், சாப்பிட்டது செரிக்கலன்னார்." பையின் முடிச்சைத் திருகிக்கொண்டே, "அதுக்கப்புறம்தான் தங்கச்சி. எண்ணிப் பாத்தா நாளு சரியா இருக்கு" என்றாள்.

மறுநாள் காலை வீட்டில் அவள் ஒரு மாத்திரையைத் தட்டில் வைத்து, தண்ணீரோடு கொண்டுபோய் நீட்டினாள். கண்ணாடிக்காரர் வாங்கவில்லை.

"நேத்தோட தீர்ந்துபோச்சே."

கிடைத்தது என்றாள். எங்கே என்றார். பால்காரம்மா என்று தொடங்கி, கடன் என்று மாற்றி, கடைசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சட்டைப் பையைச் சொல்லக்கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவள், அதையும் சொன்னாள். அவரிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை.

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். துணி சுற்றிய விரல்களை ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டார். அவள் வேலைக்குக் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியது. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"என்னால முடியாது" என்றார். "அது அவரோட நாளு. அவர் முழுங்காத நாளை எடுத்து நான் எப்படி முழுங்கறது?"

"அவர் வேண்டாம்னு வச்சார்."

"வேண்டாம்னா வச்சார்? வீடு மிஞ்சட்டும்னு வச்சார். நாம அதைப் பாதி விலைக்கு வாங்கி வந்திருக்கோம்."

"சரி, அப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?" அவள் குரல் ஏறவில்லை. "அந்த அம்மா சட்டைப் பையைத் தடவிட்டு உட்கார்ந்திருக்கு. நானும் அப்படி உட்காரணுமா? நான் அவர் போன சேதி கேட்டதும் முதல்ல என்ன நினைச்சேன் தெரியுமா? மாத்திரை மிச்சம் இருக்குமேன்னு. அவ்வளவு கேவலமானவளா ஆகிட்டேன். ஆனதுக்கு அதுவாவது உள்ள போகட்டும்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை. அப்புறம் மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அவள் விடவில்லை. வாயைத் திறங்கள் என்றாள். குழந்தை மாதிரி திறந்தார். நாக்கைத் தூக்கச் சொன்னாள். தூக்கினார். அதன்பிறகுதான் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்கு ஓடினாள்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். அவர் மறுக்கவில்லை. ஆனால் முழுங்கியபின் சிறிது நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் காலை, மலைப்பாதையில் பதினெட்டாவது வளைவில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்குமாம், அங்கே வண்டியை நிறுத்தி எல்லோரும் முகம் கழுவுவார்களாம் என்றார். எப்போது போனீர்கள் என்று கேட்டாள். போனதில்லை, டிரைவர் சொன்னது என்றார். இன்னொரு நாள் தூக்கத்தில் வலது காலை அழுத்திக்கொண்டே இருந்தார். பிரேக் போடுகிற மாதிரி இருந்தது. அவள் அதைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. பேக்கரியில் தட்டு மாற்றும்போதெல்லாம் அந்தக் கால் அவள் கண் முன் வந்தது.

இரண்டு செவ்வாய் கழித்து டிரைவர் மனைவி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பென்ஷனைத் தன் பெயருக்கு மாற்ற ஏதோ காகிதம் வேண்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் பெஞ்சில் எல்லோரும் நகர்ந்து இடம் விட்டார்கள். டிரைவர் உட்காரும் இடத்தில் அவள் உட்கார்ந்தாள். பேச்சு எங்கெங்கோ போய் நின்றது. அப்போது கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவர் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தார். மாத்திரை இனிமே வேலை செய்யாதுன்னு டாக்டர் அவர்கிட்ட சொல்லிட்டாராம். ரெண்டு மாசம் முந்தியே. உங்களுக்குத் தெரிஞ்சா உடைஞ்சுபோயிடுவீங்கன்னுதான் சாப்பிடற மாதிரி வாங்கி வச்சிருக்கார். நீங்க சொன்ன வார்த்தையால இல்ல."

டிரைவர் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் பதறிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவர். பக்கத்தில் அவள். மூன்று நிறுத்தம்வரை பொறுத்தாள்.

"அவர் நிஜமாவே உங்ககிட்ட அப்படிச் சொன்னாரா?"

அவர் வெளியே பார்த்தபடி, இல்லை என்று தலையாட்டினார். டிரைவர் அவரிடம் சாலைகளைப் பற்றி மட்டும்தான் பேசினார். மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்படியானால் அந்த ஐம்பது நாளும் மாத்திரை அவரைக் காப்பாற்றியிருக்குமா என்று யாருக்கும் தெரியாது. காப்பாற்றியிருக்கலாம். அந்த இருக்கலாமை இனி அவர்கள் இருவரும்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது. அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

டிரைவரின் மாத்திரை தீர்வதற்குள் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. இந்தத் தடவை விரல்ரேகையை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த எட்டு மாதத்துக்கு மருந்து இலவசம். பாதி விலைப் பணத்தை அவள் மூன்று தவணையில் கொடுத்து முடித்தாள். கடைசித் தவணை கொடுக்க வேண்டிய செவ்வாயன்றுதான் ஸ்கேன் முடிவும் வந்தது. கட்டி பாதியாகக் குறைந்திருக்கிறது என்று டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். மருந்து நன்றாகப் பிடித்திருக்கிறது, ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டிருக்கிறார் என்று மெச்சிக்கொண்டார்.

அவரைப் பரிசோதனை அறையில் ரத்தம் எடுக்க உட்காரவைத்துவிட்டு அவள் வெளியே வந்தாள். டிரைவர் மனைவி பெஞ்சில் இருந்தாள். அவளுக்கு இப்போது ஆஸ்பத்திரியில் எந்த வேலையும் இல்லை. வீட்டை விற்றுக் கடன் அடைத்துவிட்டு ஒற்றை அறைக்கு மாறியிருந்தாள். செவ்வாய்க்கிழமை வந்தால் அந்த அறையில் இருப்புக் கொள்ளவில்லை என்று இங்கே வந்து, புதிதாக வருகிறவர்களுக்குப் படிவம் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மடியில் யாருடையதோ பாதி எழுதிய படிவம் இருந்தது.

என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். குறையவில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. இதே மாத்திரை. இதே அட்டை. ஆனால் அவள் வாய் உண்மையைத்தான் சொன்னது.

"பாதியாக் குறைஞ்சிருக்காம், அக்கா."

டிரைவர் மனைவி அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். நல்லாயிருக்கட்டும், நல்லாயிருக்கட்டும் என்றாள். பணத்தை வாங்கி எண்ணாமல் உறைக்குள் வைத்தாள். படிவத்தில் விட்ட இடத்திலிருந்து ஒரு வரி எழுதினாள். எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் பேசினாள்.

"உன் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது, தங்கச்சி. எங்க வீட்டுக்காரருக்குக் காது மந்தம். அத்தனை வருஷம் எஞ்சின் பக்கத்துலயே உட்கார்ந்தவர். டாக்டர் பேசறது ஒண்ணும் விழாது. ஒரு நாளும் அந்த ரூமுக்குள்ள அவரை நான் தனியா விட்டதில்ல. அவருக்கு டாக்டர் சொன்னது ஒவ்வொண்ணும் என் வாயால போனதுதான்."

மன்னிச்சிருங்க அக்கா என்றாள்.

"எதுக்கு மன்னிப்பு? எனக்காக ஒருத்தர் அவ்வளவு யோசிச்சிருக்கார். கும்பிட்டது அதுக்குத்தான்." பேனாவை மூடினாள். "ஒண்ணு மட்டும் கேக்கறேன். காலையில அவர் முழுங்கறதைப் பாக்கறியா?"

"வாயைத் திறக்கச் சொல்லிப் பாக்கறேன்."

"நாக்குக்கு அடியில?"

"பாக்கறேன், அக்கா."

"பாரு" என்றாள் டிரைவர் மனைவி. "நான் அட்டையைத்தான் எண்ணினேன். வாயைப் பாக்கல."

அதற்குள் பெஞ்சின் மறுமுனையில் ஒரு புதுப் பெண், கையில் மருந்துச் சீட்டோடு, விலை கேட்டு வந்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தாள். டிரைவர் மனைவி அவளைப் பார்த்துப் பக்கத்தில் இடத்தைத் தட்டிக் காட்டினாள்.